எக்ஸெல் பாடம்: புதுமுக வீரரை எடை போடும் கரெல் பங்ஷன்

எக்ஸெல் தொகுப்பில் நூற்றுக்கணக்கான பங்ஷன்கள் உள்ளன. நம்மில் பெரும்பாலானோர் சம், ஆவரேஜ், இஃப் என நான்கைந்தை மட்டுமே பயன்படுத்துகிறோம். இந்த மாதம் அதிகம் எட்டிப் பார்க்காத ஒரு பங்ஷனை எடுத்துக் கொள்ளலாம். அதன் பெயர் கரெல். இரண்டு எண் பட்டியல்களைக் கொடுத்தால், ஒன்று கூடும்போது மற்றதும் கூடுகிறதா, குறைகிறதா, அல்லது இரண்டுக்கும் தொடர்பே இல்லையா என்று ஒரே எண்ணில் சொல்லிவிடும்.

விடை எப்போதும் மைனஸ் 1 முதல் பிளஸ் 1 வரைதான் இருக்கும். 1க்கு அருகில் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஏறுகின்றன. மைனஸ் 1க்கு அருகில் இருந்தால் ஒன்று ஏற, மற்றது இறங்குகிறது. பூஜ்யத்திற்கு அருகில் இருந்தால் தொடர்பு இல்லை எனக் கொள்ளலாம்.

இதற்கு எடுத்துக்காட்டாக நான் அமெரிக்கன் புட்பால் விளையாட்டைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் உண்டு. கல்லூரியை விட்டு வரும் இளைஞர்களை அளந்து, ஓடவிட்டு, குதிக்கவிட்டு, எண்களாக்கி, அந்த எண்களை நம்பிப் பல லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போடும் விளையாட்டு அது. அந்தக் கணிப்பு பலித்ததா, இல்லையா என்பதும் சில ஆண்டுகளில் தெரிந்துவிடுகிறது. கேள்வியும் விடையும் இரண்டுமே கையில் இருக்கும் இடத்தில்தான் ஒரு பங்ஷனின் பலத்தையும் பலவீனத்தையும் சோதிக்க முடியும்.

ஆட்டம் பற்றிக் கொஞ்சம்

நம் ஊரில் புட்பால் என்றால் கால்பந்து. இது வேறு. இரு பக்கமும் 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணியில் குவார்ட்டர்பேக் என்பவர்தான் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். எதிரணியின் தடுப்பாட்டக்காரர் குறுக்கே நிற்பவர்களைத் தாண்டிச் சென்று, அவர் பந்தை எறிவதற்குள், ஆட்டம் தொடங்கிய கோட்டிற்குப் பின்னாலேயே அவரை வீழ்த்தினால் அதற்கு 'சாக்' என்று பெயர். இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி. அதனால்தான் கீழே 4.5, 13.5 போன்ற எண்களைக் காண்பீர்கள். தொழில்முறை லீக்கான என்.எப்.எல்., 1982 முதல் ஒவ்வொரு வீரரின் சாக் எண்ணிக்கையையும் அதிகாரபூர்வமாகப் பதிவு செய்து வருகிறது.

லீக்கில் 32 அணிகள் உள்ளன. ஆண்டுதோறும் டிராப்ட் என்ற நிகழ்ச்சியில், ஏழு சுற்றுகளில், அணிகள் முறை வைத்துக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. அப்படி வரும் புதுமுக வீரரை ரூக்கி என்பார்கள். அவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம். முன்னால் தேர்வாகிறவருக்குப் பணம் அதிகம். தவறான ஆளை முன்னால் எடுத்த அணி, ஆண்டுக்கணக்கில் அதன் பலனை அனுபவிக்கும்.

டிராப்ட்டுக்கு முன்னால் காம்பைன் என்ற சோதனை முகாம் நடக்கும். 1987 முதல் இண்டியானாபோலிஸ் நகரில் நடந்து வருகிறது. 300க்கும் மேற்பட்டவர்களை அழைத்து, 40 கஜ ஓட்டம் (சுமார் 36.6 மீட்டர்), நின்ற இடத்திலிருந்து உயரம் தாண்டுதல், 102 கிலோ எடையை எத்தனை முறை தூக்க முடிகிறது என்பது போன்றவற்றை அளக்கிறார்கள். இவற்றில் 40 கஜ ஓட்டத்தின் நேரத்தைத்தான் அனைவரும் பேசுவார்கள்.

இந்த எண்கள் என்ன செய்யும் என்பதற்கு 1995ஆம் ஆண்டு நடந்ததைக் கூறலாம். மைக் மமூலா என்ற வீரர் காம்பைன் சோதனைகளுக்கென்றே தனியாகப் பயிற்சி எடுத்து வந்து, 40 கஜத்தை 4.58 வினாடிகளில் ஓடினார். அவரைப் பிடிப்பதற்காகவே பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி, டாம்பா பே அணியுடன் இடம் மாற்றிக் கொண்டு 12ஆம் இடத்திலிருந்து 7ஆம் இடத்திற்கு முன்னேறியது. பின்னால் போன டாம்பா பே, 12ஆவதாக வாரன் சாப் என்பவரை எடுத்துக் கொண்டது. மமூலா தன் காலம் முழுவதிலும் எடுத்த சாக் 31.5. சாப் எடுத்தது 96.5. சாப் 2013ல் புகழ் மன்றத்திலும் இடம் பெற்றார்.

அப்படியானால் ஓட்ட நேரம் பயனற்றதா? எக்ஸெல்லையே கேட்டுவிடலாம்.

டேபிள் அமைத்தல்

புதிய ஒர்க் ஷீட் ஒன்றைத் திறக்கவும். முதல் படுக்கை வரிசையில் ஏ முதல் எப் வரை தலைப்புகளை இவ்வாறு அமைக்கவும். ஏ: பெயர். பி: 40 கஜ நேரம். சி: கல்லூரியில் கடைசி ஆண்டு சாக். டி: லீக்கில் முதல் ஆண்டு சாக். இ: இரண்டாம் ஆண்டு சாக். எப்: மொத்தம்.

2014, 2017, 2022 ஆகிய மூன்று டிராப்ட்களிலிருந்து, முதல் சுற்றில் தேர்வான எட்டுப் பேரை எடுத்துள்ளேன். இரண்டாவது வரிசையிலிருந்து கீழ்க்காணும் வரிசையிலேயே டைப் செய்திடவும். எண்கள் பி, சி, டி, இ என்ற முறையில் தரப்பட்டுள்ளன.

2. ஜடேவியன் கிளௌனி: 4.53, 3, 0, 4.5
3. கலில் மேக்: 4.65, 10.5, 4, 15
4. ஆரன் டொனால்ட்: 4.68, 11, 9, 11
5. மைல்ஸ் காரெட்: 4.64, 8.5, 7, 13.5
6. சாலமன் தாமஸ்: 4.69, 8, 3, 1
7. டி.ஜே. வாட்: 4.69, 11.5, 7, 13
8. டிராவன் வாக்கர்: 4.51, 6, 3.5, 10
9. ஏடன் ஹட்சின்சன்: 4.74, 14, 9.5, 11.5

இனி எப்2 செல்லில் =டி2+இ2 என அமைத்து என்டர் தட்டவும். (செல் பெயர்களையும் பங்ஷன் பெயரையும் நீங்கள் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும். கரெல் என்பது சி, ஓ, ஆர், ஆர், இ, எல் என்ற ஆறு எழுத்துகள்.) பின்னர் அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தில் இருமுறை கிளிக் செய்தால், ஒன்பதாவது வரிசை வரை பார்முலா நிரம்பிவிடும்.

ஒரு எச்சரிக்கை. எண்கள் செல்லின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கின்றனவா எனப் பார்க்கவும். ஏதேனும் ஒன்று இடது ஓரத்தில் நின்றால், இடையில் ஸ்பேஸ் அல்லது கமா விழுந்து, எக்ஸெல் அதனை எழுத்தாக எடுத்துக் கொண்டுள்ளது என்று பொருள். கரெல் அதனைச் சொல்லாமல் விட்டுவிட்டுக் கணக்கிடும். பிழைச் செய்தி வராது. விடை மட்டும் தவறாக இருக்கும்.

முதல் கணக்கு: வேகம்

டேபிளை ஒட்டாமல், சற்றுத் தள்ளி ஐ2 செல்லில் கர்சரை வைத்து இதனை அமைக்கவும்.

=கரெல்(பி2:பி9,எப்2:எப்9)

விடை 0.46 என வரும். கொஞ்சம் நின்று யோசியுங்கள். பி வரிசையில் இருப்பது நேரம். நேரம் குறைந்தால்தான் வேகம் அதிகம். ஆகவே வேகமானவர் அதிக சாக் எடுப்பார் என்றால் விடை மைனஸில் வந்திருக்க வேண்டும். பிளஸில் வந்துள்ளது. அதாவது, மெதுவாக ஓடியவர்தான் சிறந்தவர் என்கிறது இந்த எண்.

இதனை அப்படியே நம்பி யாரேனும் மெதுவாக ஓடுகிறவர்களைத் தேடிப் போனால் அது வேடிக்கையாகிவிடும். கரெல் கணக்கில் பிழை இல்லை. நாம் கொடுத்த பட்டியலில்தான் விஷயம் இருக்கிறது. எட்டுப் பேரில் மிக வேகமானவரின் நேரம் 4.51, மிக மெதுவானவரின் நேரம் 4.74. வித்தியாசம் 0.23 வினாடிதான். 5.2 வினாடி எடுத்துக் கொண்ட ஒரு வெளிப்பக்கத் தடுப்பாட்டக்காரர் முதல் சுற்றுக்கு வந்திருக்கவே மாட்டார். நம் டேபிளிலும் இல்லை. வேகம் என்ற சல்லடையில் சலித்து எடுத்தவர்களை மட்டும் வைத்துக் கொண்டு, வேகம் முக்கியமா என்று கேட்கிறோம். சல்லடையில் நின்றவர்களைப் பற்றி மட்டும்தான் விடை கிடைக்கும். விழுந்தவர்களைப் பற்றிக் கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. டொனால்ட் 4.68, வாட் 4.69. ஏறத்தாழ ஒரே நேரம். ஆனால் டொனால்டின் எடை 285 பவுண்ட், வாட்டின் எடை 252 பவுண்ட். 15 கிலோ கூடுதல் உடலைச் சுமந்து கொண்டு அதே நேரத்தில் ஓடுவது அதே வேகம் ஆகுமா? பந்தைச் சுமந்து ஓடும் வீரர்களுக்காக பில் பார்ன்வெல் என்பவர் 2008ல் ஒரு சூத்திரம் அமைத்தார். எடையை 200 ஆல் பெருக்கி, நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும். ஜி வரிசையில் எடையை அமைத்து, எச்4 செல்லில் =ஜி4*200/பி4^4 எனக் கொடுத்தால் டொனால்டுக்கு 119 வரும். ஏழாவது வரிசையில் இதனையே அமைத்தால் வாட்டுக்கு 104. ஒரே மாதிரி இருந்த இரண்டு எண்கள் எவ்வளவு விலகிவிட்டன, பாருங்கள். இது தடுப்பாட்டக்காரர்களுக்காக அமைந்த சூத்திரம் அல்ல. ஆயினும், நேரத்தைத் தனியாகப் பார்க்கக் கூடாது என்பதை நன்றாகவே காட்டுகிறது.

இரண்டாவது கணக்கு: செய்த வேலை

அடுத்து ஐ3 செல்லில் இதனை அமைக்கவும்.

=கரெல்(சி2:சி9,எப்2:எப்9)

விடை 0.77. கல்லூரியில் குவார்ட்டர்பேக்கை அதிகம் வீழ்த்தியவர்கள் லீக்கிலும் அதிகம் வீழ்த்தியுள்ளனர். ஓட்டப் பந்தயத்தில் ஓடுவது வேறு, குறுக்கே நிற்கும் 140 கிலோ ஆளைக் கையால் விலக்கிவிட்டுப் போவது வேறு. இரண்டாவதை ஏற்கெனவே செய்து காட்டியவர் யார் என்பதை சி வரிசை சொல்கிறது.

2022 டிராப்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஹட்சின்சன் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் 14 சாக் எடுத்திருந்தார். வாக்கர் ஜார்ஜியா பல்கலைக் கழகத்தில் 6. ஆனால் வாக்கரின் உடல் வாகும், 272 பவுண்ட் எடையில் 4.51 வினாடி ஓட்டமும் பார்த்தவர்களைக் கவர்ந்தன. ஜாக்சன்வில் அணி அவரை முதலாவதாக எடுத்தது. டெட்ராய்ட் அணி ஹட்சின்சனை இரண்டாவதாக எடுத்தது. இரண்டு ஆண்டுகளில் ஹட்சின்சன் 21, வாக்கர் 13.5. ஆனால் இதிலும் அவசரத் தீர்ப்பு கூடாது. மூன்றாம் ஆண்டான 2024ல் வாக்கர் 10.5 எடுத்தார். ஹட்சின்சன் ஐந்தே ஆட்டங்களில் 7.5 எடுத்த நிலையில் கால் எலும்பு முறிந்து, எஞ்சிய ஆட்டங்களில் விளையாட முடியாமல் போனது.

வரைபடமாகப் பார்த்தல்

எண்ணை மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது. சி1 முதல் சி9 வரை தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு எப்1 முதல் எப்9 வரையிலும் தேர்ந்தெடுக்கவும். இன்செர்ட் டேப் சென்று சார்ட்ஸ் பிரிவில் ஸ்கேட்டர் வகையைக் கிளிக் செய்திடவும். எட்டுப் புள்ளிகள் தோன்றும். ஒரு புள்ளி மீது ரைட் கிளிக் செய்து, மெனுவில் ஆட் ட்ரெண்ட்லைன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் இடமிருந்து வலமாக ஏறும் கோடு கிடைக்கும்.

கோட்டை ஒட்டி நிற்கும் புள்ளிகளை விட, விலகி நிற்கும் புள்ளிகளே நமக்கு முக்கியம். 8 என்ற இடத்தில் ஒரு புள்ளி கோட்டிற்கு வெகு கீழே இருக்கிறது. அது தாமஸ். அதற்குப் பக்கத்திலேயே 8.5ல் ஒரு புள்ளி உயரத்தில் இருக்கிறது. அது காரெட். கல்லூரியில் அரை சாக் வித்தியாசம். லீக்கில் 4க்கும் 20.5க்கும் உள்ள வித்தியாசம். ஏன்? கோடு சொல்லாது. தேடினால் சில விவரங்கள் கிடைக்கும். காரெட் அந்தக் கடைசி ஆண்டில் காயத்தோடு ஆடினார். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் அவருடைய எண்ணிக்கை இரட்டை இலக்கத்தில் இருந்தது. தாமஸை அவருடைய அணி சில நேரம் வெளிப்பக்கத்திலும், சில நேரம் உட்பக்கத்திலும் நிறுத்தி ஆட வைத்தது. எங்கே விலகல் இருக்கிறதோ அங்கே கேள்வி கேள் என்று காட்டுவதற்குத்தான் கிராப்.

ஒன்பதாவது ஆள்

0.77 நல்ல எண்ணாகத் தோன்றுகிறதல்லவா? இப்போது பத்தாவது வரிசையில் வெர்னன் கோல்ஸ்டன் என்ற பெயரை அமைக்கவும். ஒகையோ ஸ்டேட் பல்கலைக் கழக வீரர். 2007ல் 14 சாக் எடுத்தார். காம்பைனில் 102 கிலோ எடையை 37 முறை தூக்கினார். செய்த வேலையும் உண்டு, உடல் வலுவும் உண்டு. 2008ல் நியூயார்க் ஜெட்ஸ் அணி ஆறாவதாக எடுத்தது. மூன்று ஆண்டுகள் அந்த அணியில் இருந்தார். எடுத்த சாக் பூஜ்யம்.

சி10ல் 14, டி10, இ10 இரண்டிலும் 0 எனக் கொடுக்கவும். எப்9 செல்லின் பார்முலாவை எப்10க்குக் காப்பி செய்திடவும். பின்னர் ஐ3 செல்லில் கர்சரை வைத்து எப்2 பங்ஷன் கீயை அழுத்தி, பார்முலாவில் 9 என உள்ள இரண்டு இடங்களையும் 10 என மாற்றி என்டர் தட்டவும். ஒன்றை மாற்றி இன்னொன்றை விட்டால் என்/ஏ என்ற பிழைச் செய்தி வரும். இரு பட்டியல்களிலும் செல்களின் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும்.

விடை 0.27 ஆகக் குறைந்துவிடும். ஒரே ஒரு ஆள். 0.77 எங்கே, 0.27 எங்கே! இந்தப் பாடத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்த இடம்தான். எட்டு, ஒன்பது பேரை வைத்துப் போடும் கரெல் மணல் வீடு போன்றது. யாரைச் சேர்க்கிறோம், யாரை விடுகிறோம் என்பதிலேயே விடை அமைந்துவிடும். உங்களுக்கு யாரேனும் இப்படி ஒரு எண்ணைக் காட்டி வாதாடினால், எத்தனை பேர், அவர்களைத் தேர்ந்தெடுத்தது எப்படி என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள்.

எதனால் வகுப்பது?

எப் வரிசையைப் பாருங்கள். கிளௌனி 4.5, தாமஸ் 4. ஒரே தட்டு எனத் தோன்றும். ஆனால் கிளௌனி முழங்கால் காயத்தால் முதல் ஆண்டில் 4 ஆட்டங்களில் மட்டுமே ஆடினார். இரண்டாம் ஆண்டில் 13. மொத்தம் 17. தாமஸ் 30 ஆட்டங்கள் ஆடினார். வகுத்துப் பார்த்தால் கிளௌனிக்கு ஆட்டத்திற்கு 0.26, தாமஸுக்கு 0.13. ஏறத்தாழ இரண்டு மடங்கு. கிளௌனி 2017ல் 9.5 சாக் எடுத்தார். முதல் ஆண்டின் பூஜ்யத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2020 வரை ஓர் அணிக்கு ஆண்டுக்கு 16 ஆட்டங்கள். 2021 முதல் 17. எனவே ஆண்டு மொத்தங்களை அப்படியே ஒப்பிட்டால் புதியவர்களுக்கு ஓர் ஆட்டம் லாபம். ஆட்ட எண்ணிக்கைக்கு ஒரு நெட்டு வரிசை சேர்த்து, அதனால் வகுத்த பின்னரே ஒப்பிடுவது நல்லது.

முதல் ஆண்டையே அளவுகோலாகக் கொள்ளலாமா? ஐ4 செல்லில் =கரெல்(டி2:டி9,இ2:இ9) எனக் கொடுத்துப் பாருங்கள். 0.59 வரும். தொழில்முறை ஆட்டத்தில் ஓராண்டு கண்ணால் பார்த்த பிறகும் அடுத்த ஆண்டைப் பற்றி அவ்வளவுதான் தெரிகிறது. முதல் ஆண்டில் 4 எடுத்த மேக், அடுத்த ஆண்டு 15 எடுத்தார். 2016ல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும் பெற்றார். முதல் ஆண்டு முடிந்ததும் 'இவர் தேறமாட்டார்' என்று முத்திரை குத்துவது அந்த இளைஞருக்கும் அநியாயம், அணிக்கும் நஷ்டம்.

பயிற்சி

புதுமுகத் தடுப்பாட்டக்காரரை எண்களால் எடை போட விரும்புவோர் இந்த வரிசையில் செல்லலாம் என்பது என் கருத்து. முதலில், அவர் கல்லூரியில் செய்த வேலை. ஓர் ஆண்டு அல்ல, எல்லா ஆண்டுகளும், ஆட்டக் கணக்கால் வகுத்தது. இரண்டாவது, ஓட்ட நேரம், எடையோடு சேர்த்து. மூன்றாவது, அவர் எந்த இடத்தில் நின்று ஆடினார், இனி எங்கே நிறுத்தப் போகிறார்கள் என்பது. நான்காவது, காயங்கள். இந்த நான்கிலும் நன்றாக இருந்தும் கோல்ஸ்டன் போல ஒருவர் வரக் கூடும். எண்கள் தவறும் வாய்ப்பைக் குறைக்கின்றன, ஒழித்துவிடுவதில்லை.

ப்ரோ புட்பால் ரெஃபரன்ஸ் என்ற இணைய தளத்தில் எல்லா ஆண்டுகளின் விவரங்களும் உள்ளன. 2018, 2019 டிராப்ட்களில் முதல் சுற்றில் வந்த வெளிப்பக்கத் தடுப்பாட்டக்காரர் அனைவரையும், ஒருவரைக் கூட விடாமல், இந்த டேபிளில் சேர்த்து ஐ2, ஐ3 விடைகள் எப்படி மாறுகின்றன எனப் பாருங்கள். பிடித்த பெயர்களை மட்டும் சேர்க்க வேண்டாம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தலாம். கரெல் பங்ஷன் இரண்டிலும் அதே பெயரில் உள்ளது.

விளையாட்டில் ஆர்வம் இல்லாதவர்கள் வீட்டு மின்சார யூனிட்டையும் அந்த மாத சராசரி வெப்பத்தையும் இரண்டு நெட்டு வரிசைகளில் அமைத்து முயற்சிக்கலாம். எந்தப் பட்டியலானாலும், விடை வந்தவுடன் அதில் இல்லாதது எது என்று ஒருமுறை யோசியுங்கள். அந்த வேலையைச் செய்ய எக்ஸெல்லில் பங்ஷன் இல்லை.